ரிப்பீட்டர் ஆன்டெனாவை டவரில் ஏற்றுவதும் ஆடாமல் நிறுத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்கள் சிலர் சேர்ந்து மலை மேல் ஒரு 2 மீட்டர் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசை) ரிப்பீட்டரை நடத்திவருகிறோம். டவர் ஏறுவது, ஆன்டெனா மாட்டுவது, மழை முடிந்ததும் மறுபடி ஏறிச் சரிபார்ப்பது என்று வருடங்கள் ஓடிவிட்டன. புதிதாக ரிப்பீட்டர் வைக்க நினைக்கிறவர்கள் போனில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்திருக்கிறேன். உரிமம், அலைவரிசை அனுமதி எல்லாம் டெல்லியில் இருக்கும் டபிள்யூ.பி.சி. என்ற தொலைத்தொடர்புத் துறைப் பிரிவின் வேலை. அதை முடித்துக்கொண்டு வாருங்கள். இங்கே பேசப்போவது இரும்பு, நட்டு, கயிறு, காற்று பற்றி மட்டும்தான்.

ஆன்டெனா கொஞ்சம் ஆடினால் என்ன? மரம்கூடத்தான் ஆடுகிறது.

ஆடுவதில் பிரச்சினை இல்லை. ஆடும்போது எது எதோடு உரசுகிறது என்பதில்தான் பிரச்சினை.

ரிப்பீட்டர் ஒரு விநோதமான கருவி. ஒரு அலைவரிசையில் கேட்டுக்கொண்டே, கேட்டதை அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் பலமாகத் திரும்பப் பேசும். 2 மீட்டர் பேண்டில் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். பெரும்பாலும் ஒரே ஆன்டெனாதான் இரண்டு வேலையையும் செய்கிறது. அனுப்பும் சக்தி 25 வாட் என்று வையுங்கள். தூரத்தில் ஒருவர் கையில் வைத்திருக்கும் ஹேண்டி ரேடியோவிலிருந்து வந்து சேரும் சிக்னலோ மைக்ரோவோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். இரண்டையும் சக்தியாகக் கணக்குப் போட்டால், வித்தியாசம் ஒன்றுக்குப் பின்னால் 16 சைபர். காதுக்குப் பக்கத்தில் வேட்டு வெடித்துக்கொண்டிருக்கும்போது அடுத்த ஊரில் ஊசி விழுவதைக் கேட்கிற மாதிரி. டூப்ளெக்ஸர் என்கிற வடிகட்டி இதைச் சமாளிக்கிறது.

ஆனால் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் ஒரு நட்டு தளர்ந்து, துருப்பிடித்து, தொட்டும் தொடாமலும் இருந்தால், அந்தத் துரு, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு போல நடந்துகொள்ளும். அனுப்பும் சக்தியில் துளியை எடுத்துச் சத்தமாக மாற்றி, கேட்கும் அலைவரிசையின் மேலேயே கொட்டிவிடும். டூப்ளெக்ஸரால் இதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் அந்தச் சத்தம் பிறப்பதே கேட்க வேண்டிய அலைவரிசையில்தான். ஆகவே ஆன்டெனாவை உறுதியாக நிறுத்துவது என்பது அது கீழே விழாமல் பார்த்துக்கொள்வது மட்டுமல்ல. விழுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தளர்ச்சி காதுக்குக் கேட்டுவிடும்.

எங்கள் ரிப்பீட்டரில் காற்றடித்தால் மட்டும் கரகரப்பு வருகிறது. எங்கே தேடுவது?

எங்களுக்கும் ஒரு ஆடி மாதம் இது நடந்தது. காலை பத்து மணிவாக்கில் காற்று எழும்பும், கரகரப்பும் கூடவே எழும்பும். இரவில் இரண்டும் அடங்கிவிடும். டூப்ளெக்ஸரை மறுபடி டியூன் செய்தோம், கேபிள் கனெக்டரை மாற்றினோம், பவர் சப்ளை மேல் பழி போட்டோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மூன்றாவது ஞாயிறு நண்பர் ஒருவர் ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு பாதி டவர் வரை ஏறினார். கீழே நாங்கள் பலவீனமான சிக்னல் ஒன்றை ரிப்பீட்டருக்குக் கொடுத்துக்கொண்டே கேட்டோம். அவர் ஒவ்வொரு கிளாம்பாகத் தட்டிக்கொண்டு வந்தார். எங்கள் ஆன்டெனாவுக்கு மூன்று மீட்டர் கீழே, யாரோ எப்போதோ மாட்டிவிட்டு மறந்துபோன பழைய டிவி ஆன்டெனாவின் குழாய் ஒன்று ஒரே ஒரு துருப்பிடித்த யூ-போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தட்டியதும் ரேடியோவில் அப்பளம் நொறுங்கும் சத்தம். கழற்றிக் கீழே இறக்கினோம். அன்று சாயங்காலம் நல்ல காற்று, ரிப்பீட்டரில் சத்தமே இல்லை.

தேடும் முறை இதுதான். முதலில் டிரான்ஸ்மிட்டரை நிறுத்திவிட்டு ரிசீவரை மட்டும் கேளுங்கள். அப்போதும் கரகரத்தால் கோளாறு கேபிளிலோ கனெக்டரிலோ இருக்கிறது, அல்லது சத்தம் வெளியிலிருந்து வருகிறது. டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது மட்டும் கரகரத்தால், டவரில் ஏதோ இரும்பு இரும்போடு உரசுகிறது. தட்டும் கழி மரமாக இருக்கட்டும். தட்டுபவர் ஆன்டெனாவின் பக்கத்துக்கே போக வேண்டாம். நன்றாகக் கீழே நின்று எட்டும் வரை தட்டினால் போதும். அதற்கு மேல் கை வைக்க வேண்டுமென்றால் டிரான்ஸ்மிட்டரை நிறுத்திவிட்டுத்தான்.

தளர்ந்த ஏணிப்படி, அறுந்து தொங்கும் பழைய கேபிள், டவரைத் தொட்டு ஆடும் கம்பி எல்லாமே சந்தேகத்துக்குரியவை. பயன்படாத பொருள் டவரில் எது இருந்தாலும் இறக்கிவிடுங்கள்.

எவ்வளவு உயரத்தில் வைப்பது? உச்சியில்தானே நல்லது?

சமவெளி என்றால் ஆமாம். மலை என்றால் யோசியுங்கள்.

ரேடியோ அடிவானத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். சமதரையில் 20 மீட்டர் உயரத்துக்கு 18 கிலோமீட்டர் சொச்சம். அதையே 30 மீட்டராக்கினால் கிட்டத்தட்ட 23. நாலு கிலோமீட்டருக்கு மேல் லாபம், அதற்காகச் செலவு செய்யலாம். ஏற்காடு மாதிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டரில் இருக்கும் இடத்தில் அடிவானம் ஏற்கெனவே 160 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அங்கே இன்னும் 10 மீட்டர் உயர்த்தினால் கிடைப்பது அரைக் கிலோமீட்டர். அந்த அரைக் கிலோமீட்டருக்காக ஆன்டெனாவைக் காற்றின் வாயில் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமா?

மலை உச்சியில் 12 மீட்டர் டவரில், சுற்றியுள்ள மரங்களைத் தாண்டினால் போதும் என்று இறுக்கமாக நிற்கிற ஆன்டெனாவே எனக்குப் பிடித்தது. ஏறி இறங்கவும் சுலபம்.

காற்றின் சுமையை எப்படிக் கணக்கிடுவது? சின்னக் குழாய்தானே, என்ன பெரிய சுமை?

அப்படித்தான் தோன்றும். ஒருமுறை பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும்.

இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 875, பகுதி 3, நாட்டைக் காற்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரை, கோவைக்கு 39 மீட்டர், மணிக்கு 140. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வரும். சென்னைக்கு 1500, மதுரைக்கு 900 சொச்சம். உயரம், நிலவமைப்பு, கடற்கரை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் காரணிகள் உண்டு. பெரிய டவர் என்றால் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் அதையெல்லாம் போட்டுப் பார்க்கட்டும். நமக்குத் தோராயம் போதும்.

நம் ஊர்களில் பலர் விரும்பி வாங்கும் டைமண்ட் எக்ஸ்-510 வகை ஃபைபர் கிளாஸ் ஆன்டெனாவின் நீளம் 5.2 மீட்டர். சராசரி விட்டம் மூன்றரை சென்டிமீட்டர் என்று வைத்தால் காற்று மோதும் பரப்பு 0.18 சதுர மீட்டர். உருளை வடிவத்துக்கான காரணி 1.2-ஐயும் பெருக்கினால், சென்னைக் காற்றில் சுமார் 33 கிலோ. 'இவ்வளவுதானா' என்று கேட்காதீர்கள். அந்த 33 கிலோ அடியில் விழுவதில்லை, நடுவில், அதாவது கிளாம்பிலிருந்து 2.6 மீட்டர் மேலே விழுகிறது. நெம்புகோல்! அடியில் இருக்கும் இரண்டு கிளாம்புகளுக்கு இடையே 30 சென்டிமீட்டர்தான் இடைவெளி என்றால், ஒவ்வொன்றும் தாங்க வேண்டியது 280 கிலோவுக்கு மேல். இடைவெளியை 60 ஆக்கினால் அது பாதியாகக் குறையும். ஒரு மீட்டர் ஆக்கினால் 90 கிலோவுக்குள் வந்துவிடும்.

ஃபைபர் கிளாஸ் ஆன்டெனாவின் அடியில் உள்ள உலோக உறை குட்டையானது, அங்கே இடைவெளியை நம் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. ஆனால் அந்த ஆன்டெனாவைத் தாங்கும் ஜி.ஐ. பைப்பை டவரில் பிடிக்கும் கிளாம்புகளைத் தாராளமாக விலக்கி வைக்கலாம். டவர் உச்சிக்கு மேல் பைப் 2 மீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால், உள்ளே குறைந்தது ஒரு மீட்டர் இறங்கியிருக்க வேண்டும். அந்த ஒரு மீட்டரின் இரு முனைகளிலும் கிளாம்ப். பக்கத்தில் பக்கத்தில் நாலு கிளாம்ப் போடுவது பார்க்கத்தான் பலம்.

உச்சியிலும் ஒரு பிடி கொடுத்துவிட்டால் ஆடாதே?

எந்த வகை ஆன்டெனா என்பதைப் பொறுத்தது.

ஃபைபர் கிளாஸ் குழாய்க்குள் இருப்பது கோலினியர், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக நேர்கோட்டில் அடுக்கிய ஆன்டெனாக்கள். குழாயின் முழு நீளமும் அலையை வீசும் பகுதி. அதன் நடுவிலோ உச்சியிலோ இரும்பு கிளாம்ப் போட்டால் டியூனிங் கெட்டுவிடும், அலை வீசும் வடிவமும் கோணிக்கொள்ளும். டவரின் பக்கவாட்டில் மாட்டும்போது மேல்பிடி அவசியம் என்றால், அந்தக் கை ஃபைபர் கிளாஸ் தடியாகவோ வேறு கடத்தாப் பொருளாகவோ இருக்க வேண்டும். பிடியும் இறுக்கமாக இருக்கக் கூடாது. ரப்பர் வைத்து, ஆன்டெனா மேலும் கீழும் நழுவ இடம் விட்டு, பக்கவாட்டு ஆட்டத்தை மட்டும் தடுத்தால் போதும்.

மடித்த டைபோல்கள் (நீள்வளையமாக மடித்த உலோகக் குழாய்கள்) வரிசையாக மாட்டிய ஆன்டெனா வேறு ஜாதி. டிபி-224 என்ற பழைய அமெரிக்க மாதிரி இதற்குப் பேர்போனது: ஆறரை மீட்டர் நீள உலோகத் தண்டு, அதில் நாலு வளையங்கள். தண்டு எர்த்தோடு இணைந்தது, அது அலை வீசுவதில்லை. அதனால் தண்டின் அடியையும் உச்சியையும் இரும்பாலேயே பிடித்துக்கொள்ளலாம். இரு முனையிலும் பிடித்தால் ஆட்டம் எவ்வளவு குறைகிறது என்பதை ஒரு மூங்கிலை ஒரு கையாலும் பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தாலே தெரியும். விலை அதிகம், கனம் அதிகம், ஏற்றுவது கஷ்டம். ஆனாலும் புயல் அடிக்கும் ஊரில் ரிப்பீட்டர் வைக்கப்போகிறீர்கள் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். நம் குழுக்களில் சிலர் லேத் பட்டறையில் அலுமினியக் குழாய் வளைத்துத் தாங்களே செய்துகொள்கிறார்கள். பொறுமை இருந்தால் நன்றாகவே வரும்.

இடி விழுந்தாலும் வித்தியாசம் தெரியும். ஃபைபர் கிளாஸ் சிதறிவிடும். உலோகத் தண்டு பெரும்பாலும் தப்பிக்கும்.

டவர் உச்சி காலியில்லை. பக்கவாட்டில் மாட்டினால் சிக்னல் கெடுமா?

மாறும். அதைக் கெடுதலாக்குவதும் லாபமாக்குவதும் நம் கையில் இருக்கிறது.

145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2 மீட்டர் சொச்சம். டவரிலிருந்து கால் அலைநீளம், அதாவது சுமார் 50 சென்டிமீட்டர் தள்ளி மாட்டினால், டவர் கண்ணாடி போலப் பின்னால் நின்று, தனக்கு எதிர்ப்புறம் அலையைத் தள்ளும். அரை அலைநீளம், சுமார் ஒரு மீட்டர் தள்ளினால், முன்பக்கம் பலம் குறைந்து இரண்டு பக்கவாட்டிலும் விரியும். இரண்டிலுமே டவருக்குப் பின்னால் நிழல் விழும்.

கடற்கரை ஊர் என்றால் இதைச் சாதகமாக்கிக்கொள்ளலாம். நாகப்பட்டினத்தில் டவர் என்று வையுங்கள். கடல் கிழக்கே. ஆன்டெனாவை டவரின் மேற்கு முகத்தில் அரை மீட்டர் தள்ளி மாட்டினால், கடலுக்குப் போகிற சக்தி திருவாரூர்ப் பக்கம் திரும்பும்.

நீட்டிய கையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு மீட்டர் கையின் நுனியில் ஆன்டெனா நின்றால், காற்று அதைத் தள்ளுவதோடு டவர் காலைத் திருகவும் செய்யும். ஒற்றைக் கை கூடாது, மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு கை வேண்டும். அவற்றை டவரின் காலில் பிடியுங்கள், குறுக்குக் கம்பிகளில் வேண்டாம். காலில் துளை போடும் எண்ணம் வந்தால் டிரில்லிங் மெஷினை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

புயலா, ஆடிக்காற்றா, எது அதிகம் கெடுக்கும்?

புயல் பேர் வாங்கும். வேலையைச் செய்வது ஆடிக்காற்று.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய பிறகு, எத்தனையோ டவர்கள் மடிந்து கிடந்ததைப் பார்த்தோம். கொடைக்கானல் மலை வரை மரங்கள் சாய்ந்தன. அது ஒரு ராத்திரி. ஆனால் பாலக்காட்டுக் கணவாய், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை மாதக்கணக்கில் அடிக்கும் காற்று இருக்கிறதே, அது வேறு வகை. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமான அதே காற்று.

உருளையான குழாயைத் தாண்டும்போது காற்று இடம் வலம் என்று மாறி மாறிச் சுழிகளை உதிர்க்கும். ஒரு பக்கத்தில் நொடிக்கு எத்தனை சுழிகள் என்பதற்குத் தோராயக் கணக்கு: வேகத்தை விட்டத்தால் வகுத்து 0.2-ஆல் பெருக்க வேண்டும். 4 சென்டிமீட்டர் குழாய், நொடிக்கு 5 மீட்டர் காற்று என்றால் 25 சுழிகள். மெல்லிய காற்றுதான், ஆனால் நொடிக்கு 25 முறை ஒரு சின்னத் தட்டு, பகலெல்லாம், மூன்று மாதம். குழாயின் இயல்பான அதிர்வோடு இது ஒத்துப்போனால் கையை வைத்தாலே ரீங்காரம் தெரியும். எந்த நட்டும் இதற்குத் தளர்ந்துதான் கொடுக்கும்.

எனவே யூ-போல்ட்டில் வெறும் நட்டு போதாது. நைலான் வளையம் வைத்த நட்டு போடுங்கள், அல்லது இரட்டை நட்டு. கடைசியில் நட்டின் மீதும் போல்ட்டின் மீதும் சேர்த்து பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை தரையிலிருந்தே பைனாகுலரில் பார்க்கலாம், கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் குழுவில் மஞ்சள் பெயின்ட் டப்பாவும் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷும் டவர் பையிலேயே இருக்கும்.

ஸ்டே கம்பி எப்படிக் கட்டுவது?

பைப் மாஸ்ட்டுக்கு (தனிக் குழாய்க் கம்பம்) அதைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிதான் உயிர். சுற்றிலும் 120 டிகிரி இடைவெளியில் மூன்று கம்பி, ஏறக்குறைய 6 மீட்டர் உயரத்துக்கு ஒரு அடுக்கு. மாஸ்ட் 20 மீட்டர் என்றால் தரையில் நங்கூரம் 12 முதல் 16 மீட்டர் தள்ளி இருக்கட்டும். மொட்டை மாடியில் அவ்வளவு இடம் இல்லையென்றால் மாஸ்ட்டைக் குட்டையாக்குங்கள், கம்பியை மாஸ்ட்டோடு ஒட்டி இறக்காதீர்கள். கைப்பிடிச் சுவரில் கொக்கி அடித்துக் கட்டுவதும் வேண்டாம். அந்தச் செங்கல் சுவர் அதற்காகக் கட்டியதல்ல. தூணிலோ பீமிலோ பிடிக்க வேண்டும்.

கம்பியை வளையத்தில் மடக்கிக் கிளிப் போடும்போது பத்தில் ஏழு பேர் தவறு செய்கிறார்கள் என்பது என் அனுபவம். கிளிப்பில் இரண்டு பாகம் உண்டு: வளைந்த போல்ட், பள்ளமுள்ள சேணம். சேணம் சுமை தாங்கும் நீளக் கம்பியின் மேல் உட்கார வேண்டும். வளைந்த போல்ட் வெட்டிவிட்ட துண்டு முனையை அழுத்த வேண்டும். மாற்றிப் போட்டால் போல்ட் சுமைக் கம்பியையே கடித்து நசுக்கிவிடும். ஒரு முனைக்கு மூன்று கிளிப்பாவது போடுங்கள், மூன்றும் ஒரே பக்கம் பார்க்கட்டும்.

கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளை முறுக்கி முடித்ததும் அதன் நடு ஓட்டை வழியே ஒரு கம்பியை விட்டு இரு முனையோடும் எட்டுப் போலச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் காற்றின் அதிர்வே அதைத் திருகிக் கழற்றிவிடும்.

எவ்வளவு இறுக்கம்? அறுந்துபோகும் பலத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது பொது வழக்கம். வீணைத் தந்தி போல முறுக்க வேண்டாம், மூன்று பக்கமும் கீழ்நோக்கி இழுத்து மாஸ்ட்டையே வளைத்துவிடும். முறுக்கும்போது ஒருவர் தூக்குக்குண்டு பிடித்துக்கொண்டு தள்ளி நின்று இரண்டு திசையிலிருந்து பார்க்கட்டும். கம்பி ஆன்டெனாவின் அலை வீசும் பகுதியைக் கடந்து போகக் கூடாது.

ஆன்டெனா லேசாகச் சாய்ந்திருக்கிறது. விட்டுவிடலாமா?

நீளமான ஆன்டெனா என்றால் விடாதீர்கள். அதிக கெயின், அதாவது ஒரு திசையில் கூடுதல் பலம், கிடைப்பதே அலையைத் தட்டையாக்கி அடிவானத்தை நோக்கி அழுத்துவதால்தான். மலையிலிருந்து பார்க்கையில் தூரத்து ஊர்கள் அந்தத் தட்டுக்குள் வரும். அடிவாரத்தில் 5 கிலோமீட்டர் தூரத்தில், 1200 மீட்டர் கீழே இருக்கும் ஊர் 13 டிகிரிக்கு மேல் கீழே இருக்கிறது. அது ஏற்கெனவே தட்டுக்கு வெளியே. ஆன்டெனா 3 டிகிரி பின்னால் சாய்ந்தால் அந்தப் பக்கத்து ஊர்களின் தலைக்கு மேல் அலை பறந்துவிடும். 'நூறு கிலோமீட்டரில் கேட்கிறது, அடிவாரத்தில் கேட்கவில்லை' என்று புகார் வருவதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். கிளாம்பை இறுக்கும் முன் ரசமட்டத்தைப் பைப்பின் இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். மலை உச்சிக்குக் கெயின் குறைந்த குட்டை ஆன்டெனாவே போதும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த நட்டு, எந்த பைப் வாங்குவது?

ஜி.ஐ. பைப்பில் பி கிளாஸுக்குக் கீழே போக வேண்டாம், உச்சிக் குழாய்க்கு சி கிளாஸ். ஒன்றரை இஞ்ச் பைப் என்று கடையில் சொல்வதன் வெளிவிட்டம் 48 மில்லிமீட்டர், இரண்டு இஞ்ச் என்பது 60. யூ-போல்ட் வாங்கும்போது ஒரு துண்டு பைப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். இஞ்ச் கணக்கில் வாங்கி வந்து மேலே ஏறிய பிறகு சேராமல் போனால் அந்த நாள் வீண்.

கடற்கரையில் கால்வனைஸ் பூச்சு சீக்கிரம் போய்விடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 304-ஐவிட 316 உப்புக்காற்றைத் தாங்கும். ஆனால் ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு திருக முடியாமல் போகிற பழக்கம் உடையவை. மரையில் கொஞ்சம் ஆன்டி-சீஸ் பசை தடவிவிட்டு, வேகமாகச் சுழற்றாமல் மெதுவாக இறுக்குங்கள். செம்பை நேராகக் கால்வனைஸ் இரும்போடு சேர்க்காதீர்கள். மழையில் துத்தநாகத்தைத் தின்றுவிடும். ஈயம் பூசிய லக் நடுவில் இருக்கட்டும்.

கேபிளைப் பற்றி?

50 மீட்டர் ஆர்.ஜி.-213 வகைக் கேபிள் போட்டால் 145 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 4 டெசிபல் போய்விடும். அனுப்பும் சக்தியில் பாதிக்கு மேல் கேபிளைச் சூடாக்கத்தான் செலவாகும். அதே நீளத்துக்கு அரை இஞ்ச் ஹீலியாக்ஸ் (நெளிவுள்ள செம்புக் குழாயே உறையான கேபிள்) என்றால் இழப்பு ஒன்றரைக்குள். எல்.எம்.ஆர்.-400 பரவாயில்லை என்று தோன்றும், ஆனால் அதன் அலுமினியத் தாளும் ஈயம் பூசிய செம்புப் பின்னலும் உரசி, டூப்ளெக்ஸ் வேலையில் முதல் கேள்வியில் சொன்ன அதே சத்தத்தைக் கிளப்பும். ரிப்பீட்டருக்கு அது வேண்டாம்.

அரை இஞ்ச் ஹீலியாக்ஸை 125 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்காதீர்கள். ஒரு மீட்டருக்கு ஒரு பிடி வேண்டும். வெள்ளை நிற பிளாஸ்டிக் டேக் ஒரு கோடைகூடத் தாங்காது, கறுப்பு நிறம் அல்லது ஸ்டீல் பட்டை. மலையில் குரங்குத் தொல்லை இருந்தால் அடி நாலைந்து மீட்டரை இரும்புக் குழாய்க்குள் விடுங்கள். கேபிள் அவற்றுக்கு ஊஞ்சல்.

அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை) கீழே நன்றாகக் காட்டுகிறதே என்று ஏமாறாதீர்கள். கேபிளில் 4 டெசிபல் இழப்பு இருந்தால், மேலே ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் கீழே 2.3 என்றுதான் காட்டும். ஆன்டெனாவில் 3 இருந்தால் கீழே ஒன்றரை, 'பரவாயில்லை' என்று சந்தோஷமாகப் போய்விடுவோம். மாட்டிய அன்றே மேலேயும் கீழேயும் அளந்து நோட்டில் எழுதிவையுங்கள்.

கனெக்டருக்குள் தண்ணீர் போகாமல் இருக்க?

முதலில் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதாரணக் கறுப்பு டேப். கடைசிச் சுற்று கீழிருந்து மேலே போக வேண்டும், ஓடு வேய்கிற மாதிரி. அப்போதுதான் மேல் மடிப்பு கீழ் மடிப்பை மூடி, தண்ணீர் வழிந்து போகும். அறைக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு தொட்டில் போலத் தொங்கவிட்டால் அங்கேயே சொட்டிவிடும்.

ஆனால் ஆன்டெனாவின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும், அதை மட்டும் அடைக்காதீர்கள். எங்கள் நண்பர் ஒருவர் நல்ல எண்ணத்தில் எம்-சீல் வைத்து அடைத்துவிட்டார். ஐப்பசி முடிந்து இறக்கிச் சாய்த்தபோது அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. அந்தத் துளைதான் உள்ளே வியர்த்த நீர் வெளியேறும் வழி.

இடிக்கு?

கேபிளின் உறையை டவரோடு உச்சியிலும், டவரை விட்டு வளைவதற்கு முன்பு அடியிலும் எர்த் கிட்டால் இணைக்க வேண்டும். அறைக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் அரெஸ்டர் (மின்பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பும் கருவி). டவர் எர்த், அறை எர்த், கரன்ட் எர்த் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். தனித்தனியாக விட்டால் இடி விழும்போது அவற்றுக்கு நடுவே இருக்கும் உங்கள் ரிப்பீட்டர்தான் பாலமாகும். எர்த் 10 ஓமுக்குக் கீழே இருக்கட்டும். பாறை மலையில் இது லேசில் கிடைக்காது. ஒரே குழியில் உப்பும் கரியும் கொட்டுவதைவிட, நாலு திசையில் பட்டையை நீளமாக ஓட்டுவது அங்கே பலன் தரும்.

ஏற்றும் நாளில் என்ன கவனிப்பது?

ஏறுபவர் முழு உடல் ஹார்னஸ் போட்டிருக்க வேண்டும், இரட்டைக் கொக்கியோடு. ஒரு கொக்கி கழன்றிருக்கும் நேரத்தில் மற்றது எப்போதும் மாட்டியிருக்க வேண்டும். இடுப்புப் பெல்ட் மட்டும் போட்டு ஏறுகிற 'அனுபவசாலி'களை எங்கள் குழுவில் சேர்ப்பதில்லை. ஏறும் முன் டிரான்ஸ்மிட்டரை நிறுத்தி, மைக்கைக் கழற்றி, ஃபியூஸை ஏறுபவரின் சட்டைப் பையிலேயே போட்டுவிடுங்கள். அதே டவரில் எஃப்.எம். நிலையமோ மொபைல் ஆன்டெனாவோ இருந்தால் அவர்களிடம் நேரம் பேசி, அவர்கள் நிறுத்திய பிறகு ஏறுங்கள்.

ஆன்டெனாவைக் கப்பியில் ஏற்றும்போது கயிற்று முடிச்சு நடுவுக்குச் சற்று மேலே இருக்கட்டும். அடியில் இன்னொரு கயிறு, அதைக் கீழே ஒருவர் தள்ளி நின்று பிடித்து, டவரில் இடிக்காமல் விலக்கிக்கொண்டே வர வேண்டும். 5 மீட்டர் குழாயை மொட்டை மாடியில் நிமிர்த்தும் முன் தெருவில் போகும் ஈ.பி. லைனைப் பாருங்கள். விழுந்தால் எட்டுமா என்று பாருங்கள். எட்டும் என்றால் அந்த இடம் வேண்டாம்.

காற்று இருந்தால் அன்று ஏறாதீர்கள். மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்துவிட்டோமே என்ற எண்ணம்தான் ஆபத்து. டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள்.

வருடத்துக்கு எத்தனை முறை பார்ப்பது?

இரண்டு. வைகாசியில், ஆடிக்காற்றுக்கு முன். புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன். புயல் கடந்தால் கூடுதலாக ஒன்று. ஆனால் உடனே ஏற வேண்டாம், முதலில் அடித்தளம், நங்கூரம், ஸ்டே கம்பி மூன்றையும் தரையிலிருந்து பாருங்கள்.

டவரில் கதண்டு கூடு கட்டியிருக்கிறது. புகை போட்டுவிட்டு ஏறலாமா?

கூடாது. பாதி டவரில் கதண்டு கொட்டினால் ஓட இடம் கிடையாது. கைகளால் விரட்டவும் முடியாது, இரண்டு கையும் கம்பியில் இருக்கும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், கதண்டு அழிப்பது அவர்களுக்குப் பழகிய வேலை. பெரும்பாலும் இருட்டிய பிறகு வருவார்கள். மறுநாளும் ஏறாதீர்கள், வெளியே போயிருந்தவை கூடு இருந்த இடத்தைத் தேடித் திரும்பி வரும். ஒரு வாரம் போகட்டும்.